முகப்படத்துக்கு முதல் குடை: குறைந்த செலவில் மாடிஃபையர் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

கேமராவும் ஐம்பது எம்எம் லென்ஸும் வாங்கியாயிற்று. ஃபிளாஷ் ஒன்றும் கையில் இருக்கிறது. ஆனாலும் எடுக்கிற முகமெல்லாம் அடையாள அட்டைப் படம் மாதிரி தட்டையாக, நெற்றி பளபளத்து, பின்சுவரில் கறுப்பு நிழலோடு வருகிறது. இந்த இடத்தில் நிற்கிற புதியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இன்னொரு லென்ஸ் வாங்கலாமா, விலை கூடிய ஃபிளாஷ் வாங்கலாமா என்று யோசிப்பதற்கு முன்னால், இருக்கிற வெளிச்சத்தைப் பரப்பவும் திருப்பவும் மறைக்கவும் உதவுகிற, மாடிஃபையர் என்று சொல்லப்படும் சாமான்களில் கொஞ்சம் பணம் போடுங்கள். முகப்படத்தில் பெரிய மாற்றம் தருகிற சின்னச் செலவு அதுதான்.

குடையா (ஃபிளாஷுக்கு முன்னால் விரிக்கிற துணிக் குடை), சாஃப்ட்பாக்ஸா (முன்னால் வெள்ளைத் துணி கட்டிய பெட்டி), ஆக்டாபாக்ஸா (அதன் எண்கோண வடிவம்), பியூட்டி டிஷ்ஷா (அகலமான உலோகத் தட்டு) என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாரும் சொல்வதும் சரியாகவே இருக்கும், அவரவர் அறைக்கு. உங்கள் அறை எப்படி என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: முதலில் படமெடுக்கப் போகிற அறையைப் பாருங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள்.

மூக்கு நிழலைப் பார்க்கப் பழகுங்கள்

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை. இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு யாரையாவது நாற்காலியில் உட்கார வையுங்கள். செல்போன் டார்ச்சை அவர் முகத்துக்கு ஒரு பக்கமாக, கண்ணுக்குக் கொஞ்சம் மேலே, கைக்கெட்டும் தூரத்தில் பிடியுங்கள். கன்னத்தில் விழுகிற மூக்கு நிழலை மட்டும் பாருங்கள். அதன் ஓரம் கத்தியால் வெட்டியது போலத் தெரியும். இப்போது டார்ச்சுக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். வேட்டி முகத்துப் பக்கம் இருக்கட்டும், டார்ச்சைப் பின்னால் நகர்த்துங்கள். வேட்டியில் விழுகிற வெளிச்ச வட்டம் பெரிதாகப் பெரிதாக, மூக்கு நிழலின் ஓரம் கரைந்துகொண்டே வரும். கடைசியாக, வேட்டியையும் டார்ச்சையும் சேர்த்தே மூன்று மீட்டர் பின்னுக்குக் கொண்டு போங்கள். நிழல் மறுபடி இறுகிவிடும்.

ஒளி மென்மையாவதன் கணக்கு முழுவதும் இந்தச் சோதனையில் இருக்கிறது. முகம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அவ்வளவு மென்மை. சூரியன் எவ்வளவோ பெரியது, ஆனால் வெகுதூரத்தில் இருப்பதால் நம் கண்ணுக்குச் சின்ன வட்டம். அதனால்தான் உச்சி வெயிலில் கண்குழி கறுக்கிறது. மேகம் மூடினால் வானமே விளக்காகிவிடுகிறது, நிழல் காணாமல் போகிறது.

இதிலிருந்து நேராக இரண்டு முடிவுக்கு வரலாம். ஒன்று, மாடிஃபையரின் அகலம் எவ்வளவோ ஏறக்குறைய அதே தூரத்தில், மிஞ்சினால் அதைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் வைத்துப் பழகுங்கள். அறுபது சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸை மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் அது வெறும் பல்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். இரண்டாவது, ஃபிளாஷ் தலையில் மாட்டுகிற சின்ன பிளாஸ்டிக் மூடிகளை வாங்க வேண்டாம். அவை வெளிச்சத்தின் அளவைப் பெரிதாக்குவதில்லை. வெள்ளைக் கூரையும் சுவரும் பக்கத்தில் இருந்தால் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிட்டு, அங்கே பட்டுத் திரும்புவதால் கொஞ்சம் பலன் தரும். அந்தப் பலனை ஃபிளாஷ் தலையைக் கூரைப் பக்கம் திருப்பினாலே பெறலாம். மொட்டை மாடியில் அந்த மூடி பேட்டரியைத்தான் தின்னும்.

தூரத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. விளக்கு முகத்திலிருந்து ஒரு மீட்டரில், சுவர் முகத்துக்கு இரண்டு மீட்டர் பின்னால் இருக்கிறது என்று வையுங்கள். சுவர் விளக்கிலிருந்து மூன்று மீட்டர் ஆகிறது. முகத்துக்குக் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் சுவருக்குப் போகும், அதாவது மூன்று ஸ்டாப்புக்கு மேல் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). வெள்ளைச் சுவரே அழுத்தமான சாம்பல் நிறமாக வரும். அதே விளக்கை முகத்திலிருந்து மூன்று மீட்டருக்குத் தள்ளினால் சுவர் ஐந்து மீட்டர், வித்தியாசம் ஒன்றரை ஸ்டாப்புதான். சுவரில் இருக்கிற காலண்டரும் சுவிட்ச் போர்டும் தெளிவாகத் தெரியும். பெரிய குடையை மிக நெருக்கமாக வைக்கும்போது இந்தக் கணக்கு அச்சாக ஒத்துவராது என்றாலும் போக்கு இதுதான். பின்னணித் துணி வாங்கப் பணமில்லாதவர்கள் விளக்கை முகத்துக்கு நெருக்கியும் ஆளைச் சுவரிலிருந்து தள்ளியும் வைத்தாலே போதும்.

இனி அறை

நம் வீட்டு ஹால் பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. சுவருக்கு இளம்பச்சை, ரோஸ், மஞ்சள் என்று ஏதாவது ஒரு நிறம். நடுவில் மின்விசிறி. இந்த மூன்றும் நீங்கள் எதை வாங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

முதலில் நிறம். ஒளி ஊடுருவும் வெள்ளைக் குடை, வெளிச்சத்தில் ஒரு பகுதியை முன்னால் விடும், இன்னொரு பகுதியைப் பின்னால் திருப்பியடிக்கும். பின்னால் போனது சுவரிலும் கூரையிலும் பட்டு அறை முழுக்கச் சுற்றி வந்து நிழல்களை நிரப்பும். சுவர் வெள்ளையாக இருந்தால் இது வரம். சின்ன அறையே ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ் ஆகிவிடும். ஓரிடத்தில் உட்காராத குழந்தைகளை எடுக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் சுவர் பச்சையாக இருந்தால் கன்னத்தின் நிழல் பக்கம் பச்சை ஏறும், ஆள் காய்ச்சலில் கிடந்தவர் மாதிரி தெரிவார். வொயிட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சீரமைப்பை) மாற்றியும் தீராது. வெளிச்சப் பக்கத்தின் நிறம் வேறு, நிழல் பக்கத்தின் நிறம் வேறு. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும்.

உங்கள் சுவர் எப்படி என்று பார்ப்பது சுலபம். ஒரு வெள்ளைத் தாளை நாற்காலியில் சாய்த்து வைத்து, ஃபிளாஷைச் சுவர் பக்கம் திருப்பி ஒரு படம் எடுங்கள். தாளில் நிறம் ஏறினால் உங்களுக்கு வெள்ளைக் குடை மட்டும் போதாது. ஒளி முன்பக்கம் மட்டும் வருகிற மூடிய சாஃப்ட்பாக்ஸ் வேண்டும், அல்லது பக்கத்துச் சுவரை வெள்ளைத் துணியாலோ கறுப்புப் போர்வையாலோ மறைக்க வேண்டும்.

அடுத்து உயரம். முகத்துக்கு மேலிருந்து சாய்வாக ஒளி விழ வேண்டுமானால், நிற்கிற ஆளுக்கு மாடிஃபையரின் நடுப்பகுதி ஏழடிக்கு வரும். 120 செ.மீ. ஆக்டாபாக்ஸ் என்றால் அதன் மேல்விளிம்பு எட்டரை, ஒன்பது அடியைத் தொடும். மின்விசிறி இறக்கை தொங்குகிற உயரம் அது. வாங்கும் முன் தரையிலிருந்து இறக்கை வரை டேப் வைத்து அளந்துவிடுங்கள். எது வாங்கினாலும், ஸ்டாண்டை நிமிர்த்தும்போது மின்விசிறி ஓடக் கூடாது என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். ஆளை உட்கார வைத்து எடுத்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும். சின்ன அறைக்காரர்கள் நல்ல ஸ்டூல் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள்.

அறையில் பார்க்க வேண்டிய இன்னொன்று, ஜன்னல். ஃபிளாஷே இல்லாதவர்கள், செல்போனில் எடுப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம், செலவு கிடையாது. வடக்குப் பார்த்த ஜன்னலைத் தேடுங்கள், அதில் நேர் வெயில் வராது என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். குளிர்நாடுகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். நமக்கு ஆண்டு முழுக்கப் பொருந்தாது. சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் போகிறது. கோடையில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் வெயில் சாய்வாக உள்ளே விழும், கம்பி நிழல் முகத்தில் கோடு போடும். அந்த மாதங்களில் ஜன்னலுக்கு வெளியிலோ உள்ளேயோ ஒரு வேட்டியைக் கட்டிவிட்டால் போதும். ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்து, மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். இந்த ஒரு அமைப்பில் நூறு முகம் எடுத்துப் பழகியவருக்குக் குடை வாங்கியதும் கை தடுமாறாது.

கையில் இருக்கிற விளக்கு எது?

மாடிஃபையர் வாங்குவது விளக்கைப் பொறுத்தது என்பதால் இதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கேமரா மேல் மாட்டுகிற ஸ்பீட்லைட் இருந்தால், அதைக் கேமராவிலிருந்து கழற்றித் தனியாக வைக்க ஒரு ரேடியோ ட்ரிகர் (கம்பியில்லாமல் ஃபிளாஷை இயக்கும் கருவி) வேண்டும். மாடிஃபையருக்கு முன்னால் இதற்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும். கேமரா மேலேயே உட்கார்ந்திருக்கும் ஃபிளாஷுக்கு எந்தக் குடையும் மாட்ட முடியாது.

எல்இடி விளக்கு என்றால் கண்ணால் பார்ப்பதே படத்தில் வரும். ஒளியைக் கற்றுக்கொள்ள மிகவும் நல்லது. ஆனால் ஃபிளாஷோடு ஒப்பிட்டால் பலம் குறைவு. சாஃப்ட்பாக்ஸ் துணி அதிலும் பாதிக்கு மேல் விழுங்கிவிடும், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்ற வேண்டிவரும், ஷட்டரும் மெதுவாகும், குழந்தை தலையைத் திருப்பினால் படம் கலங்கும். வாங்கும்போது சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்கிற அளவு) 95-க்கு மேல் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டு பல்பையே பயன்படுத்தினால் சில பல்புகள் துடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் படத்தில் பட்டை விழாது.

இரண்டு சாஃப்ட்பாக்ஸ், இரண்டு பல்பு, இரண்டு ஒல்லி ஸ்டாண்ட் என்று ஒரே பெட்டியில் மலிவாக ஒரு செட் விற்கிறார்கள். வீடியோவில் பேசுகிறவர்களுக்கு ஓரளவு உதவும். முகப்படத்துக்கு என்றால் அந்தப் பணத்தை ஒரு நல்ல குடைக்கும் ஒரு நல்ல ஸ்டாண்டுக்கும் போடச் சொல்வேன்.

முதல் வாங்கல்

சுவர் வெள்ளை, கையில் ஸ்பீட்லைட் என்றால் எதை வாங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 43 அங்குல வெள்ளைக் குடை, மேலே கழற்றி மாட்டக்கூடிய கறுப்பு உறை உள்ளது. சில நூறு ரூபாய்தான் ஆகும். உறையைக் கழற்றினால் ஒளி ஊடுருவும் குடை. மாட்டினால் ஒளியைத் திருப்பியடிக்கும் குடை, பின்பக்கம் சிதறுவது நின்றுவிடும். ஒரே விலையில் இரண்டு குணம். உள்பக்கம் வெள்ளி பூசிய குடைகள் வெளிச்சத்தை அதிகம் தரும், ஆனால் பளபளப்பும் கூடும், அதனால் முதல் குடையாக அது வேண்டாம்.

சுவர் நிறமாக இருந்தால், அல்லது பின்னணி கறுப்பாக வர வேண்டும் என்று ஆசையிருந்தால், குடை போல விரித்து மடக்குகிற 80 அல்லது 90 செ.மீ. ஆக்டாபாக்ஸ் வாங்குங்கள். கம்பி கம்பியாக வளைத்துச் சொருகுகிற பழைய மாதிரி இன்னும் மலிவு, ஆனால் ஒவ்வொரு தடவையும் விரல் வலிக்கக் கம்பியைச் சொருக வேண்டும். நாலு நாளில் அலுத்துப்போய் அது பரணுக்குப் போய்விடும். விரிக்கச் சுலபமாக இருப்பதுதான் தினமும் வெளியே வரும்.

ஆக்டாபாக்ஸின் பின்வளையம் போவென்ஸ் மவுண்டாக இருக்கட்டும். போவென்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2017-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதன் மூன்று கொக்கி வளையத்தைத்தான் இன்றைக்கு மலிவு விலை விளக்குகளில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. நாளைக்கு நீங்கள் பெரிய ஃபிளாஷ் வாங்கினாலும் அதே பாக்ஸ் அதில் மாட்டும். ஸ்பீட்லைட்டை அதில் பொருத்த கோடாக்ஸ் நிறுவனத்தின் எஸ்2 போன்ற ஒரு பிராக்கெட் (ஃபிளாஷைப் பிடித்து நிறுத்தும் தாங்கி) வேண்டும். அதிலேயே குடை சொருகும் துளையும் இருக்கிறது, ஆகவே குடையோடு தொடங்குகிறவர்களும் அதையே வாங்கிவிடலாம்.

ஸ்டாண்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். குடை போனால் சில நூறு ரூபாய். ஸ்டாண்ட் சாய்ந்தால் ஃபிளாஷ் போகும், கீழே குழந்தை உட்கார்ந்திருந்தால் அதைவிடப் பெரிய ஆபத்து. விரித்து வைத்து மேலிருந்து லேசாக அழுத்திப் பாருங்கள், பூட்டு வழுக்கக் கூடாது. வேலை செய்யும்போது, விளக்கு எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டாண்டின் ஒரு கால் வருகிற மாதிரி திருப்பி வையுங்கள். ஐந்து கிலோ அரிசிப் பையில் மணலை நிரப்பி வாயைத் தைத்து அந்தக் காலில் போடுங்கள். கடற்கரையிலும் மொட்டை மாடியிலும் மணல் மூட்டை மட்டும் போதாது, ஓர் ஆள் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். காற்று நிற்காவிட்டால் குடையை மடக்கிவிட்டு ரிஃப்ளெக்டரை (ஒளியைத் திருப்பியடிக்கும் தட்டை) கையில் எடுங்கள்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

சென்னையில் வாலாஜா சாலைப் பக்கம் போனால் இதெல்லாம் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். மற்ற ஊர்களில் கல்யாண ஃபோட்டோகிராபர்கள் சாமான் வாங்குகிற கடையை விசாரியுங்கள். துணி வெள்ளையா, மஞ்சளா என்பதை ஒரு வெள்ளைத் தாளோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். பழைய ஸ்டூடியோ மூடும்போது விற்கிற சாஃப்ட்பாக்ஸ்கள் நல்ல பேரம்தான், ஆனால் முன்துணி பழுத்திருக்கும், உள்ளே வெள்ளிப்பூச்சு உரிந்திருக்கும். துணி பழுத்திருந்தால் விலையைக் குறைத்து வாங்கி, துணியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வெள்ளி உரிந்தது வேண்டாம். குடையை விரித்து ஒரு சுற்றுச் சுழற்றினால் வளைந்த கம்பி தெரிந்துவிடும். தண்டு பெரும்பாலும் 8 மி.மீ. இருக்கும், உங்கள் பிராக்கெட்டின் துளையில் சொருகித் திருகிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இதைச் செய்யுங்கள். இதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு. ஃபிளாஷைக் குடையில் மாட்டி, மிகக் குறைந்த பவரில் வைத்து, கேமராவில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 வைத்து, குடையையே படம் எடுங்கள். முகத்துக்குத் தெரிகிற வெளிச்சம் எப்படி இருக்கிறது என்பது அந்தப் படத்தில் அப்படியே தெரியும். நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் இருட்டு என்றால் 43 அங்குலக் குடையில் நீங்கள் பத்து அங்குலம்தான் பயன்படுத்துகிறீர்கள். ஒளி அகலமாக விரியும்படி ஃபிளாஷின் ஜூமை 24 எம்எம்முக்குக் கொண்டு வாருங்கள், தண்டை நகர்த்திக் குடையை ஃபிளாஷிலிருந்து இன்னும் விலக்குங்கள். மறுபடி எடுங்கள். ஓரம் வரை சமமாக வெளுக்கும்வரை இதைச் செய்யுங்கள். அதே குடைதான், விலை அதேதான், முகத்தில் விழுகிற ஒளி மட்டும் வேறாகிவிடும்.

வாங்காமலே கிடைப்பவை

வேட்டியை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். எட்டு முழ வேட்டியைக் கொடிக்கயிற்றில் போட்டுத் துணிக் கிளிப் மாட்டி, பின்னால் மூன்று நான்கடி தள்ளி ஃபிளாஷை வைத்தால், நாலடி அகல சாஃப்ட்பாக்ஸுக்கு இணையான ஒளி கிடைக்கும். கரையை ஒளி விழும் இடத்திலிருந்து ஒதுக்கி மடித்துவிடுங்கள். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டி நீலம் காட்டும். வெண்மை கூட்டும் சலவைத்தூளில் துவைத்ததும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் அதையேதான் செய்யும், ஏனென்றால் அந்தத் தூளில் இருக்கும் ரசாயனம் புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பி விடுகிறது. நீலம் போடாத பழைய வேட்டி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தெர்மாகோல் அட்டை ஸ்டேஷனரிக் கடையிலேயே கிடைக்கும். நம் சினிமாப் படப்பிடிப்புகளில் பெரிய பெரிய விளக்குகளுக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளையாக, சொரசொரப்பாக, எடையில்லாமல் இருப்பதால் முகத்தின் நிழல் பக்கத்தை மெதுவாக நிரப்ப அதைவிட நல்ல பொருள் எந்த விலையிலும் கிடையாது என்பது என் அபிப்பிராயம். பின்னால் ஓர் அட்டையை ஒட்டிவிட்டால் உடையாது. மறுபக்கம் கறுப்புச் சார்ட் ஒட்டுங்கள். வெள்ளைப் பக்கம் நிழலை நிரப்பும், கறுப்புப் பக்கம் நிழலை ஆழமாக்கும். வெள்ளைச் சுவர் அறையில் முகம் தட்டையாக வருகிறது என்று தோன்றினால், நிழல் பக்கக் கன்னத்துக்கு ஓரடி தள்ளி இந்தக் கறுப்பை நிறுத்திப் பாருங்கள், தாடை எலும்பு சட்டென்று எழும்பி வரும்.

ஹாலஜன் போன்ற சூடான விளக்குக்குப் பக்கத்தில் பட்டர் பேப்பர், தெர்மாகோல், துணி எதுவும் வேண்டாம். தீப்பிடிக்கும். ஃபிளாஷுக்கும் எல்இடிக்கும் மட்டும் இந்த வீட்டு வைத்தியங்கள்.

முதல் படம், வரிசையாக

ஆளைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி உட்கார வையுங்கள். குடையை அவர் மூக்கு பார்க்கும் திசையிலிருந்து 45 டிகிரி பக்கவாட்டில், குடையின் நடு அவர் தலைக்குச் சற்று மேலே வரும்படி, ஒரு மீட்டர் தூரத்தில் நிறுத்துங்கள். ஒளி ஊடுருவும் குடையாக இருந்தால் அதன் தண்டு நுனி முகத்துப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமராவில் மேனுவல், ஷட்டர் 1/160, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 200. முதலில் ஃபிளாஷை அணைத்து ஒரு படம் எடுங்கள். அது ஏறக்குறைய கறுப்பாக வர வேண்டும். வந்தால் டியூப்லைட்டின் நிறம் படத்தில் கலக்கவில்லை என்று பொருள். வராவிட்டால் அறை விளக்கை அணையுங்கள். இப்போது ஃபிளாஷை மேனுவலில் கால் பவரில் வைத்து எடுங்கள். வெளிச்சம் கூடினால் பவரைக் குறையுங்கள், குறைந்தால் கூட்டுங்கள். கேமராவில் எதையும் தொட வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும்.

பிறகு கண்ணைப் பாருங்கள். கருவிழியில் மேல்பக்கம், பத்து மணி அல்லது இரண்டு மணி திசையில் வெள்ளைப் புள்ளி இருக்க வேண்டும். இல்லையென்றால் குடை மிக உயரத்தில் இருக்கிறது. மூக்கு நிழல் உதட்டைத் தொட்டாலும் அதே குறைதான். கண்ணாடி போட்டவர் என்றால் குடை வில்லையில் தெரியும். குடையைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கவாட்டில் நகர்த்தி, கண்ணாடியின் காதுப்பிடியை ஒரு நூல் மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள்.

இன்னும் மென்மை வேண்டுமானால் குடையை நேராக முகத்தைப் பார்த்து வைக்காமல், அதன் நடு முகத்துக்கு முன்னால் கடந்து போகும்படி திருப்புங்கள். ஓரத்து ஒளி மட்டும் முகத்தில் படும். கன்னத்தில் வெளிச்சம் நிழலாக மாறுகிற இடம் எவ்வளவு நிதானமாக மாறுகிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இரண்டு குடை, ஒரே பவர். நிழலே இல்லாத தட்டை ஒளிதான் அங்கே சரி.

நம் முகங்களுக்கு

வெளிநாட்டுப் பாடங்களில் வெளிர் தோலை வைத்துத்தான் பெரும்பாலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் முகத்தின் வடிவம் தெரிவது நிழலால் மட்டும் அல்ல, தோலில் ஒளி பட்டுத் திரும்புகிற மினுமினுப்பாலும்தான். சின்ன விளக்கு அந்த மினுமினுப்பை நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய்ப் பொட்டாகச் சேர்த்துவிடும். பெரிய விளக்கு பக்கத்தில் இருந்தால் அது கன்னம் முழுக்க மெல்லிய பட்டுப் பளபளப்பாகப் பரவும். ஆகவே நம் முகங்களுக்குப் பெரிய, வெள்ளையான, நெருக்கமான ஒளிதான் முதல் தேர்வு. வெள்ளி ரிஃப்ளெக்டர் வேண்டாம். வேர்வையை டிஷ்யூவால் ஒற்றியெடுக்கச் சொல்லுங்கள், தேய்க்கச் சொல்லாதீர்கள்.

நிறத்தைக் கூட்டிக் காட்டுவதற்காக பவரை ஏற்றுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைப் பின்பற்றாதீர்கள். ஒருவர் முகத்தின் நிறம் அவருடையது, அதை உள்ளபடி அழகாகக் காட்டத்தான் இத்தனை ஏற்பாடும். எக்ஸ்போஷர் சரியா என்று பார்க்க நெற்றியில் திருநீறு இருந்தால் பெரிய உதவி. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். திருநீற்றின் பொடியும் விரல் இழுத்த கோடும் தனித்தனியாகத் தெரிந்தால் வெளிச்சம் அளவோடு இருக்கிறது. வெறும் வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தால் அரை ஸ்டாப்பாவது குறையுங்கள்.

பட்டுச்சேலையும் நகையும் இன்னொரு சோதனை. சின்ன வெளிச்சத்தில் சரிகை வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறும். பெரிய குடையில் அது தங்கப் பரப்பாக வரும். ஐந்து விதம் சேர்ந்த ரிஃப்ளெக்டரில் தங்க நிறப் பக்கத்தை நகைக்காக எடுக்கத் தோன்றும். கழுத்தும் தாடையும் மஞ்சளடித்துப்போகும், வெள்ளைப் பக்கத்தையே எடுங்கள்.

அடுத்த சுற்றில் வாங்க வேண்டியவை

அந்த ஐந்து விதம் சேர்ந்த ரிஃப்ளெக்டர்தான் இரண்டாவது வாங்கல். 110 செ.மீ. வட்டம் போதும். எனக்கு அதில் மிகவும் உதவுவது நடுவில் இருக்கிற, ஒளி ஊடுருவும் வெள்ளைத் துணி. உறையைக் கழற்றிவிட்டு வெயிலுக்கும் முகத்துக்கும் நடுவில் அதைப் பிடித்தால் பகல் பதினோரு மணிக்கும் படமெடுக்கலாம். வாங்கிய அன்றைக்கே மடக்கிப் பழகுங்கள், எட்டுப் போல முறுக்கினால் மூன்று வட்டமாகச் சுருண்டுவிடும்.

மூன்றாவது, ஆக்டாபாக்ஸின் முன்னால் மாட்டுகிற கிரிட். கட்டம் கட்டமான துணி. வெளிச்சம் பக்கவாட்டில் சிந்தாமல் தடுக்கும், நிறச்சுவர் வீட்டில் இது பெரிய நிம்மதி. பாக்ஸோடு சேர்த்தே கிடைத்தால் அப்படியே வாங்கிவிடுங்கள், தனியாகத் தேடினால் அளவு பொருந்துவது சிரமம். தலைமுடிக்குப் பின்னாலிருந்து சின்ன ஒளி வேண்டுமென்றால் கறுப்புச் சார்ட்டைக் குழாயாகச் சுருட்டி ஃபிளாஷ் தலையில் ரப்பர் பேண்ட் போட்டால் போதும், ஸ்னூட் என்கிற குழாயை வாங்கத் தேவையில்லை. பியூட்டி டிஷ், நீள ஸ்ட்ரிப் பாக்ஸ் எல்லாம் பிற்பாடு. வாடகைக்கு எடுத்து ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஈரத்தோடு மடக்கி வைத்த குடையின் துணியில் ஒரே மழைக்காலத்தில் கறுப்புப் புள்ளி விழும், கம்பி துருவேறித் துணியில் பழுப்புக் கறை படியும், வெள்ளிப்பூச்சு ஒன்றோடொன்று ஒட்டி உரியும். படமெடுத்து முடித்ததும் மின்விசிறிக்குக் கீழே விரித்துக் காயவைத்து, அப்புறம் உறையில் போடுங்கள். வெள்ளைத் துணியைக் கழற்ற முடிந்தால் சாதாரண சோப்பில் கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள். நீலம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.